லீஸில் கையெழுத்துப் போடும் முன்: அமெரிக்காவில் பள்ளி, டேகேர் தேடுவது எப்படி

அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கு டொனேஷன் கிடையாது, இன்டர்வியூ கிடையாது, விண்ணப்பப் படிவத்துக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்கவும் வேண்டாம். உங்கள் வீட்டு விலாசம்தான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு விலாசத்துக்கும் ஆரம்பப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி எது என்று ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருப்பார்கள். கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணமும் இல்லை. நியூயார்க், பாஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி சில பெருநகரங்களில் மட்டும் விருப்பப் பட்டியல் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மற்ற இடங்களில் வீடுதான் எல்லாம். ஆபீஸுக்குப் பக்கம், இந்தியக் கடைக்குப் பக்கம், ஜிம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது என்று பார்த்து ஒரு வருட லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பள்ளி தேடுகிறவர்கள்தான் அதிகம். அதைத் திருப்பிப் போடுங்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஊர் எல்லையும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) எல்லையும் வேறு வேறு. விலாசத்தில் சான் ஹோஸே என்று இருக்கும், ஆனால் மேற்கு ஓரத்துப் பகுதிகள் சில கூபர்டினோ டிஸ்ட்ரிக்டில் வரும். டெக்சாஸில் ஃபிரிஸ்கோ நகருக்குள்ளேயே சில குடியிருப்புகள் ப்ராஸ்பர் அல்லது லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்டில் இருக்கின்றன, பக்கத்து ஊரான பிளேனோவின் ஒரு பகுதியோ ஃபிரிஸ்கோ டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது. கலிபோர்னியாவில் இன்னொரு கூத்தும் உண்டு: பல இடங்களில் எட்டாம் வகுப்பு வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஒன்பதிலிருந்து வேறொரு டிஸ்ட்ரிக்ட். அதில் ஃப்ரீமான்ட் யூனியன் என்ற உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்டுக்கும் ஃப்ரீமான்ட் நகருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது கூபர்டினோ, சன்னிவேல் பக்கம் இருக்கிறது. பெயரைப் பார்த்து வீடு எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் ஸ்கூல் லொக்கேட்டர் என்று ஒன்று இருக்கும். அபார்ட்மென்டின் கதவு எண்ணோடு முழு விலாசத்தையும் அதில் போட்டுப் பாருங்கள். வாடகை வீட்டு இணையதளங்கள் காட்டும் பள்ளிப் பெயர் பழையதாக இருக்கலாம், லீஸிங் ஆபீஸில் இருப்பவர் சொல்வதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு வீடு போனால் சரி. அதற்குப் பிறகு டிஸ்ட்ரிக்டின் என்ரோல்மென்ட் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, “இந்த விலாசம், இந்த வகுப்பு, இந்த மாதம் வருகிறோம், இடம் இருக்கிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கூட்டம் அதிகமான பள்ளிகளில், குறிப்பாக வருட நடுவில் வந்தால், உங்கள் வகுப்பு நிரம்பியிருக்கும், அதே டிஸ்ட்ரிக்டில் இரண்டு மூன்று மைல் தள்ளி வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். அப்போது ஸ்கூல் பஸ் கிடைக்குமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். நியூ ஜெர்சி பக்கம் மஞ்சள் பஸ் தாராளமாக ஓடும். கலிபோர்னியாவில் பெரும்பாலான ஊர்களில் நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். இருவரில் ஒருவருக்குத்தான் டிரைவிங் லைசென்ஸ் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கிரேட்ஸ்கூல்ஸ் என்ற இணையதளம் போடும் எண்ணைத்தான் நம் ஆட்கள் ஜாதகம் மாதிரிப் பார்க்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்களிலிருந்து வருகிறது, தேர்வு மதிப்பெண் பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் காட்டுகிறது. ஆசிரியர் உங்கள் பிள்ளையிடம் எப்படிப் பேசுவார் என்பது அதில் வராது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்காக, ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்கு மாதம் ஐந்நூறு அறுநூறு டாலர் கூடுதல் வாடகை கொடுப்பது தேவையில்லை என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்றால் கணக்கு வேறு, அங்கே என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன என்று பாருங்கள். ஆனால் அந்தப் பத்து மதிப்பெண் உயர்நிலைப் பள்ளிகளில் போட்டி எப்படி இருக்கும் என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், பெற்றோரிடம் கேட்காதீர்கள்.

வந்த முதல் மாதம் கம்பெனி கொடுத்த இடத்திலோ நண்பர் வீட்டிலோ இருப்பீர்கள். விலாசத்துக்கு ஆதாரமாக லீஸும் கரன்ட் பில் போன்ற ஒன்றும் கேட்பார்கள். நண்பர் வீடு என்றால், “இவர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள்” என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒரு உறுதிமொழிப் படிவம் பல டிஸ்ட்ரிக்டுகளில் இருக்கிறது, கேட்டால்தான் கொடுப்பார்கள். இருக்காத விலாசத்தைக் காட்டிச் சேர்ப்பது மட்டும் வேண்டாம், சில இடங்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

விசாவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி ஒரு குழந்தையை மறுக்கக் கூடாது என்று 1982-ல் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் எண்) இல்லாவிட்டால் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். வேலை, படிப்பு விசாவில் வருகிறவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4, எல்-2, எஃப்-2, ஜே-2 விசாக்களில் வரும் பிள்ளைகள் எல்லாரும் முழுநேரம் படிக்கலாம். பி-2 விசிட்டர் விசா மட்டும் படிக்க வருவதற்கானது இல்லை, “முதலில் விசிட்டரில் கூட்டி வந்து சேர்த்துவிடலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிட்டு, அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும் சான்றிதழ்கள் நம் ஊரில் நிறைய. ஊரில் இருக்கும்போதே பெயரைச் சேர்ப்பது சுலபம்.

தடுப்பூசிப் புத்தகம்தான் பள்ளி, டேகேர் இரண்டுக்கும் முதல் சாவி, அதில்தான் சிக்கலும் அதிகம். நம் ஊரில் 03/07 என்றால் ஜூலை 3, இங்கே நர்ஸ் அதை மார்ச் 7 என்று படிப்பார். இரண்டு ஊசிகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி தப்பாகி, போட்ட ஊசியையே திரும்பப் போடச் சொல்வார்கள். குழந்தை மருத்துவரிடம் போய், மாதத்தை எழுத்தில் எழுதி, தேதி வாரியாக ஒரே தாளில் டைப் செய்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது. அதனால் நம் ஊரில் ஒன்பதாம் மாதம் போடுவதை ஒதுக்கிவிட்டு, ஒரு வயதுக்குப் பிறகு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) எத்தனை என்றுதான் எண்ணுவார்கள், பள்ளிக்கு இரண்டு வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் போடும் எம்ஆரில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போலியோ சொட்டு மருந்து 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்ததைக் கணக்கில் எடுப்பதில்லை, ஊசியாகப் போட்டதைத்தான் எண்ணுவார்கள். சின்னம்மை ஊசி நம் ஊர் அரசுப் பட்டியலில் இல்லை, இங்கே பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிக்கு இரண்டு தவணை கேட்பார்கள். விடுபட்டதை ஊரிலேயே போட்டுக்கொண்டு வருவது மலிவு. இங்கே வந்து இன்ஷூரன்ஸ் அட்டை கையில் வரும்வரை காத்திருந்தால் பள்ளி தள்ளிப்போகும்.

பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குக் கையில் செய்யும் காசநோய்த் தோல் பரிசோதனை, நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டலாம். உடனே எக்ஸ்ரே எடு, மருந்து சாப்பிடு என்று ஆரம்பிக்கும். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், பிசிஜி அதைக் குழப்பாது.

டிசி இங்கே யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் வாங்கி வையுங்கள். வகுப்பு பெரும்பாலும் வயதை வைத்துத்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே என்றால், பள்ளி முத்திரையோடு பாடவாரியான மதிப்பெண் பட்டியல் கட்டாயம் வேண்டும், படித்த பாடங்களுக்குக் கிரெடிட் கொடுப்பது அதை வைத்துத்தான். அப்புறம் பெயர்: இனிஷியலை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் ஒரு படிவத்தில் அப்பா பெயர் கடைசியிலும் இன்னொன்றில் முதலிலும் போய் நிற்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். வகுப்பில் கூப்பிடும் பெயருக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கும்.

வயதுக் கணக்கு

கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது முடிந்தால் கிண்டர்கார்டன். நியூயார்க் நகரத்தில் அந்தக் காலண்டர் வருடத்தில், அதாவது டிசம்பர் 31-க்குள், ஐந்து முடிந்தால் போதும். ஊரில் யூகேஜி முடித்துவிட்டாள், நன்றாக வாசிப்பாள், ஒரு வகுப்பு மேலே போடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் எடுபடாது.

நான்கு வயதில் இலவசமாகக் கிடைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் டிரான்சிஷனல் கிண்டர்கார்டன் என்று ஒரு வகுப்பு இருக்கிறது, 2025-26 கல்வியாண்டிலிருந்து செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் உண்டு. ஜார்ஜியா, ஃப்ளோரிடாவிலும் நான்கு வயதுக்கு மாநிலச் செலவில் ப்ரீ-கே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு, வருமான வரம்பு கிடையாது. டெக்சாஸில் அரசு ப்ரீ-கே எல்லாருக்கும் இல்லை, வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் என்று கேள்விப்பட்டு நம் ஆட்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாத குழந்தைக்கும் அங்கே தகுதி உண்டு. வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த நான்கு வயதுக் குழந்தைக்கு அதுவே வழி, அப்பாவின் சம்பளத்தைக் கேட்க மாட்டார்கள்.

இதே விஷயம் பள்ளிப் படிவத்திலும் வரும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள், “தமிழ் என்று போடாதே, ஆங்கிலம் என்று போடு, இல்லாவிட்டால் பிள்ளையைத் தனி வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள்” என்று யாராவது சொல்வார்கள். உண்மையை எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள், நன்றாகச் செய்தால் அதோடு முடிந்தது, இல்லையென்றால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த உதவி பிள்ளைக்குத் தேவையானதுதான், பணமும் கேட்பதில்லை. வேண்டாம் என்று பெற்றோர் மறுக்கவும் உரிமை இருக்கிறது, ஆனால் வருடாவருடம் வரும் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.

பேச்சு தாமதம், ஆட்டிசம், கற்றல் சிரமம் என்று ஏதாவது சந்தேகம் இருந்தால் மறைக்காதீர்கள். மூன்று வயது முடிந்த குழந்தைக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே இலவசமாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஐஇபி என்ற தனித்திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசுச் சட்டம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் திட்டம். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், பரிசோதனை வேண்டும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், அவர்கள் பரிசோதித்து முடிக்க வேண்டிய கெடு ஓடத் தொடங்குவதற்கு அந்தத் தாள் வேண்டும்.

டேகேர்

பள்ளிக்கு நேர்மாறு இது. காசு கொடுத்தாலும் இடம் கிடைக்காது. கைக்குழந்தைக்கு பே ஏரியா (சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம்), பாஸ்டன் போன்ற இடங்களில் டேகேர் சென்டர் கட்டணம் மாதம் 2,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும், அதற்கும் வெயிட்லிஸ்ட். அதனால் எந்த ஊர் என்று முடிவானதுமே, விசா ஸ்டாம்பிங்குக்குக் காத்திருக்காமல், நான்கைந்து இடங்களில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் திரும்ப வராது, அதனால் எல்லா இடத்திலும் கட்ட வேண்டாம், “எப்போது இடம் வரும்?” என்று கேட்டு, நம்பும்படி பதில் சொல்கிற இடத்தில் கட்டுங்கள்.

சென்டர் இல்லையென்றால், ஒருவர் தன் வீட்டிலேயே லைசென்ஸ் வாங்கி நடத்தும் ஹோம் டேகேர். கட்டணம் பொதுவாகக் குறைவு, பிள்ளைகளும் குறைவு, தமிழோ தெலுங்கோ பேசும் அம்மா நடத்துவதும் உண்டு, ரசம் சாதம்கூடக் கிடைக்கும். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு உங்களுக்கும் லீவுதான். எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு, மாநிலத்தின் தளத்தில் போட்டு, ஆய்வு அறிக்கையைப் படியுங்கள். சைல்ட்கேர் டாட் கவ் தளத்தில் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கே கொண்டுபோய் விடும். வேலி உடைந்திருந்தது என்று ஒரு வரி இருந்தால் பரவாயில்லை. பிள்ளைகளைக் கவனிக்க ஆள் போதவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தால் வேண்டாம். கலிபோர்னியா சென்டர்களில் கைக்குழந்தைகள் நால்வருக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதி மாறும்.

அபார்ட்மென்டில் எதிர்வீட்டு அக்கா, “நான் பார்த்துக்கொள்கிறேன், கையில் கொடுங்கள்” என்பார். நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் வேலை அனுமதி இல்லாத எச்-4-ல் இருந்தால், நீங்கள் கொடுக்கும் பணம் அவர் விசாவுக்கு வேட்டு வைக்கலாம். நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் லைசென்ஸ் கேள்வியும் வரும். கலிபோர்னியாவில் தன் பிள்ளைகளோடு இன்னும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டால் லைசென்ஸ் வேண்டாம், அதற்கு மேல் வேண்டும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம், அது ஒரு பாலம்தான். அவர்கள் வந்த அன்றே வெயிட்லிஸ்டில் பெயர் இருக்க வேண்டும்.

நேரில் போகும்போது பொம்மைகளைப் பார்க்காதீர்கள், பணியாளர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சாயந்திரம் கூட்டிப்போகும் நேரத்தில் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் அதைவிட அதிகம் தெரியும். தாமதமாக வந்தால் நிமிடக் கணக்கில் அபராதம், காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகே உள்ளே, விலகுவதென்றால் இத்தனை வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். மூன்று வயது ப்ரீஸ்கூல் பலவற்றில் டயப்பர் இல்லாமல் வர வேண்டும் என்பார்கள்.

நம் வீட்டுக் குழந்தைக்கு அங்கே எது கஷ்டமாக இருக்கும் என்றால், தூக்கம். தூளியில் ஆட்டித் தூங்கிய குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, போர்வை தலையணை எதுவும் இல்லாத தொட்டிலில் தூங்கச் சொல்வார்கள். ஒரு வயது வரை அது பாதுகாப்பு விதி, மாற்ற மாட்டார்கள். வரும் முன்பே வீட்டில் பழக்கிவிடுங்கள். ஊட்டிவிடுவதும் கிடையாது, ஒன்றரை வயதுக் குழந்தை தானே எடுத்துச் சாப்பிட வேண்டும். கழுத்தில் சங்கிலி, கையில் கறுப்பு மணி இருந்தால் கழற்றச் சொல்வார்கள். முதுகிலோ இடுப்பிலோ பிறவியிலேயே நீலமாக ஒரு மச்சம் இருந்தால், அதை அடிபட்ட காயம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே ஆசிரியர்களுக்குச் சந்தேகம் வந்தால் புகார் செய்வது சட்டப்படி கடமை. குழந்தை மருத்துவரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கி, சேர்க்கும் அன்றே ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள்.

வரிச் சலுகை உண்டு, ஆனால் கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்க வேண்டும், அல்லது ஒருவர் முழுநேரம் படிக்க வேண்டும். கம்பெனி வழியாக டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ கணக்கில் வரி பிடிக்காமல் ஒதுக்கும் தொகை 2025 வரை குடும்பத்துக்கு 5,000 டாலராக இருந்தது, 2026 முதல் 7,500. வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களுக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான். டேகேரின் வரி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கமாகக் கேட்டு எண் தர மறுக்கிற இடம் என்றால் அப்போதே யோசியுங்கள்.

பள்ளி இரண்டரை, மூன்று மணிக்கு முடிந்துவிடும், சில இடங்களில் வாரத்தில் ஒருநாள் இன்னும் சீக்கிரம். பள்ளி வளாகத்திலேயே நடக்கும் ஆஃப்டர் ஸ்கூலுக்கு, பள்ளியில் சேர்க்கும் அன்றே பதிவு செய்யுங்கள், ஒய்எம்சிஏவிலும் கேளுங்கள். கூட்டிப்போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் உங்கள் இருவரைத் தவிர உள்ளூரில் இன்னும் இரண்டு பெயர் கேட்பார்கள். புது ஊரில் யாரைத் தெரியும் என்று விட்டுவிடாமல் ஆபீஸ் நண்பரிடம் கேளுங்கள், அவர் வந்தால் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். கோடை விடுமுறை இரண்டு மாதத்துக்கு மேல், அதற்கான கேம்ப் பதிவு ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்கும். ஊர் நகராட்சியின் பூங்காத் துறை நடத்துவது தனியாரைவிட மலிவு, உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமையும் உண்டு.

ஊரில் தை மாதக் கல்யாணம் என்று மூன்று வாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தால், டிக்கெட் போட்டதும் பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள். கலிபோர்னியாவில் முறையான காரணம் இல்லாமல் மூன்று நாள் வராவிட்டாலே ட்ரூவன்ட் (காரணமில்லாமல் பள்ளிக்கு வராத பிள்ளை) என்று கடிதம் வரும், நீண்ட நாள் வராவிட்டால் பெயரையே எடுத்துவிடும் டிஸ்ட்ரிக்டுகளும் உண்டு. இன்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள், கிளம்பும் முன்பே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், கொடுத்த வீட்டுப்பாடத்தை முடித்துக் கொண்டுவந்தால் அந்த நாட்கள் வருகைக் கணக்கில் சேரும்.